நல்ல மனிதராக இருந்தார்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. கண்ணுக்கு மட்டும் தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து போடுகிறேன். போடும்போதெல்லாம் "பெரியவன் போட்டா எரியாது" என்கிறாள். நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போனில் நீ 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் கடிதம்.

மாற்றல் கிடைத்து உன் பழைய நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்துவிட்டேன். சாம்பிள் பாட்டில்களை அடுக்கும் அலமாரி, ஒழுகும் குழாய், ஒன்றும் மாறவில்லையாம். உன்னை எல்லோரும் கேட்கிறார்கள். உப்புப் பிரிவுக்காரர், "உங்க அண்ணன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்மா. நாங்க அவரைக் கையெழுத்துன்னுதான் கூப்பிடுவோம்" என்றார். இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது போல. அவர் உப்பு, கிருமிச் சோதனை செய்யும் அம்மாள் கிருமி. தன்னைக் கிருமி என்று கூப்பிடுவதில் அவருக்கு வருத்தமே இல்லை.

நடைக்கோடியில் ஓர் அறை இருக்கிறதே, ஒரு மேசை, ஒரு நாற்காலி மட்டும்? வந்த அன்று என் பையை அங்கே வைக்கப் போனேன். பெருக்குகிற அம்மா ஓடிவந்து, "அங்க வேணாம்மா. அது துல்லியம் சார் ரூமு" என்றாள். யார் அவர் என்று கேட்டதற்கு, "நல்ல மனுஷரா இருந்தாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உனக்குத் தெரியுமா?

பதிலை எதிர்பார்த்து,
தங்கை


ஜனவரி 30

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும். முதுகுவலி அப்படியேதான். அம்மாவின் கண் மருந்தைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தேதி பார்.

துல்லியம் எங்களுக்கெல்லாம் மூத்தவர். எதையும் இரண்டு முறை சோதித்துப் பார்ப்பார். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாமல் எதையும் எழுதமாட்டார். அதனால் அந்தப் பெயர். வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அந்த அறைப் பக்கம் உனக்கு என்ன வேலை? மதியம் சாப்பிடும்போது ஒரே மேசையில் தினமும் உட்காராதே. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டாதே.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற செய்தி, அதனால் உனக்கு மட்டும். தலைமைப் பரிசோதகர் இடம் பல வருடமாகக் காலியாக இருக்கிறதல்லவா? மேலாளர் ஜூலையில் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன் ஒருவர் பெயரைச் சிபாரிசு செய்யவேண்டும். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உன்னைத்தாம்மா மனசுல வெச்சிருக்கேன். இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். எட்டு வருட அனுபவம் எனக்கு இருக்கிறது. ஆசைப்படுவதில் தவறில்லையே?

ஆனால் அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. யார் அவர் அறைக்குள் போனாலும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார்கள் என்று எண்ணுகிறேன். நேற்று கிருமி இருபது நிமிடம் இருந்தார்.

புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நாங்கள் ஒரு நாளில் செய்வதை மதியத்துக்குள் முடித்துவிடுகிறாள். உப்பு அவளுக்கு 'வேகம்' என்று பெயர் வைத்துவிட்டார். மேலாளர் அவளையும் ஒரு நாள் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசை இப்போது இரண்டாகிவிட்டது. ஒன்றில் நாங்கள். இன்னொன்றில் அவள் மட்டும்.

இன்னொன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. தினமும் பதினொரு மணி சுமாருக்கு அந்தக் கோடி அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. யாரோ உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பது போல. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. "காத்தா இருக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அது எந்தச் சத்தம் என்று கேட்காமலே தெரிந்திருக்கிறது.

துல்லியம் எப்படி இறந்தார் அண்ணா?

உன் தங்கை


மார்ச் 20

அண்ணனுக்கு,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்திருக்கும்.

வேகம் சோதிக்காமலே அளவுகளை எழுதிவிடுகிறாள் என்று ஒரு புகார் மனு தயாராகிறது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. "இவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்?" என்கிறார் உப்பு. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்படிப்பட்ட மனுவை எப்படி எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா, "மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு குடுத்தாங்களே, அதே மாதிரி எழுதுங்க" என்று பழைய மனு ஒன்றை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். துல்லியத்தின் பேரில் கொடுத்த மனு. நான்கு பக்கம். படித்தேன்.

நீங்கள் கண் மருந்தைப் பற்றிச் சொன்னபடி பழைய புட்டியை எறிந்துவிட்டோம். அம்மா சுகம்.

இப்படிக்கு,
தங்கை


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. நீ எதைப் பார்த்தாய் என்று எழுத வேண்டியதே இல்லை. அந்த மனு என் கையால் எழுதியது.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நீ கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏன் என்று. எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. மேலாளர் உன்னிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் என்னிடமும் சொன்னார். உப்பிடமும் சொல்லியிருந்தார், கிருமியிடமும். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவர் சதிகாரர் என்று நினைக்காதே. யார் மனத்தையும் நோகடிக்கப் பயப்படுகிறவர். ஆளுக்கொரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டால் ஒரு வருடம் தொந்தரவு இல்லாமல் ஓடும் என்று கண்டுகொண்டவர். அந்த இடத்துக்கு என்ன தகுதி, யார் முடிவு செய்வது, எதுவும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாத காகிதத்தில் நாங்கள் ஆளாளுக்கு ஒன்றை எழுதிக்கொண்டோம். பக்கத்து மேசைக்காரன் தும்மினாலும் அதற்குள் ஓர் அர்த்தம் இருந்தது.

துல்லியம் எங்கள் சாம்பிள்களையும் மறுபடி சோதிப்பார். தவறு இருந்தால் யாரிடமும் சொல்லமாட்டார். ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நம் இழுப்பறையில் போட்டுவிடுவார். எங்களைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆனால் நம் தவறுகளெல்லாம் ஒருத்தருக்குத் தெரியும் என்கிற நினைப்போடு தினமும் அவர் எதிரில் உட்கார்ந்து பார். ஒரு நாள் நான் இரண்டு பாட்டில்களை மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் காலை என் இழுப்பறையில் சீட்டு: 'மறுபடி பார்க்கவும்'. அடுத்த வாரம் அவர் சாம்பிள்களில் கைவைத்து அளவுகளைக் கெடுக்கிறார் என்று மனு எழுதினேன். மற்றவர்கள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

விசாரணை முடியும்வரை என்று அவரை அந்த அறையில் உட்காரவைத்தார் மேலாளர். விசாரணை வரவே இல்லை. ஏழு மாதம். அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. நாங்கள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. பிறகு ஒரு காலையில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு நடை வழியாக எங்கள் எல்லோரையும் தாண்டிப் போனார். யாரும் தலை நிமிரவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில். அவர் இறக்கவில்லை. இருக்கிறார். 'நல்ல மனிதராக இருந்தார்' என்று சொல்லிச் சொல்லி நாங்களே அவரைச் சாகடித்துவிட்டோம். செத்தவரிடம் போய் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லையே.

அந்த மனுவில் கையெழுத்துப் போடாதே.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

அம்மா சுகம்.

நேற்று வேகத்தைக் கோடி அறைக்கு மாற்றிவிட்டார்கள். விசாரணை முடியும்வரையாம். அவள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மேசையின் கீழ் இழுப்பறை இறுகிப்போயிருந்தது. இழுத்தபோது பின்னால் சிக்கியிருந்த ஒரு நோட்டு விழுந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அளக்க ஒன்றும் கொடுக்காததால் அவர் கிடைத்ததையெல்லாம் அளந்திருக்கிறார். அறையின் வெப்பம். வெயில் மேசைக்காலைத் தொடும் நேரம். கதவைத் தாண்டிப் போகிறவர்கள். '10.40, கிருமி. வேகமாகக் கடந்தார்.' '10.52, உப்பு. இருமினார்.' அப்புறம் தினமும் ஒரு வரி: '11.05, கையெழுத்து. வாசலில் நின்றார். 9.20 நொடி. உள்ளே வரவில்லை.' '11.05, கையெழுத்து. 14.00 நொடி. உள்ளே வரவில்லை.' பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு நாள் மட்டும்: '11.05, கையெழுத்து. 41.50 நொடி. ஏதோ சொல்ல வருகிறார் என்று எழுந்து நின்றேன். போய்விட்டார்.'

அதற்குப் பிறகு எல்லா நாளும் 'எழுந்து நின்றேன்' என்று இருக்கிறது.

எனக்குக் கேட்கிற சத்தமும் பதினொரு மணிக்குத்தான். வேகத்துக்கும் இன்று கேட்டது. அவள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அசையவே இல்லை என்கிறாள்.

அவர் எங்கே இருக்கிறார்?

தங்கை


மே 5

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டுவிட்டாய். சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருக்கிறார். மகள் வீட்டில்.

நல்ல வேலை கிடைத்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன். அது பொய்; கிடைத்த ஏதோ ஒரு வேலையில் சேர்ந்துகொண்டேன். அவர் விலகியபோது சம்பள பாக்கிக் காகிதங்களை அனுப்ப விலாசம் எழுதியது நான்தான். அந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை பார்த்துப் பேசிவிட்டுத் திரும்புவதாக எண்ணம். வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் வீட்டுக்கு எதிரில் பஸ் நிறுத்தம். தினமும் அங்கே போய் நிற்கிறேன். பஸ் வரும், ஏறிவிடுகிறேன். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்


மே 12

அண்ணா,

அம்மாவிடம் சொல்லவில்லை.

உள்ளே போ. போய்விட்டு வந்து எழுது. போகாமல் இனி எனக்கு எழுதாதே.

தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள்தான் கதவைத் திறந்தாள். உன் வயதுதான் இருக்கும். நான் யார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்கிறவர்தானே? அப்பாவுக்கு மொதல்லேருந்தே தெரியும். போய்க் கூப்பிடட்டுமான்னு கேப்பேன். வேணாம், அவரா வரட்டும்பாரு" என்றாள்.

அவர் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார். மகள் என் காதருகே, "யார் வந்தாலும் எந்திரிச்சிடுவாரு. பால் போடறவர் வந்தாக்கூட. சொல்லிப் பாத்துட்டோம், கேக்க மாட்டாரு" என்றாள். நான் உட்காரும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். முடி முழுவதும் நரைத்துவிட்டது. சட்டைப் பொத்தான் கழுத்துவரை அப்படியே.

"வாங்க, கையெழுத்து" என்றார்.

"சார், அந்த மனுவை எழுதினது நான்தான்."

"தெரியும். மேலாளர் என் கையில குடுத்தாரு. மொத எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுது." தன் கைகளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நாலு பக்கம். அதை நான் எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? என்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாக்க இல்ல. எங்கயாவது ஒரு இடத்துல உங்க கை தயங்கியிருக்கான்னு பாக்க. ஒரு அடித்தல் இல்ல. ஒரு எழுத்துகூடக் கோணல. ஒரே ஒரு எடத்துல நடுங்கியிருந்தாக்கூட நான் அதைப் பிடிச்சிட்டு இருந்திருப்பேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தை அந்த அறையில் சின்னதாகக் கேட்டது.

அவர், "அந்த ரெண்டு பாட்டில் மாறிப்போச்சே, அதைச் சரி பண்ணீங்களா?" என்று கேட்டார்.

"பண்ணினேன் சார். அன்னைக்கே."

"அது போதும். அதைக் குடிக்கிறவங்க யாரோ என்னவோ" என்றார்.

வேகத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த அறையில் இப்போது யாரோ இருக்கிறார்கள் என்று கேட்டதும் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "பேசறாங்களா அவகிட்ட யாராவது?" என்று மட்டும் கேட்டார்.

மன்னித்தேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். நான் எழுந்தபோது அவரும் எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் எழுதி, என் பெயர் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். எத்தனையோ அடித்தல். திருத்தி எழுதவில்லை, அப்படியே அனுப்பினேன்.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கண் தேறிவிட்டது. செய்தித்தாளில் இறந்தவர்கள் பக்கத்தைத் தானே படிக்கிறாள்.

உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. மார்ச் மாதக் கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதாக எழுதினேனே, நான் யோசிக்கவே இல்லை. கேட்டவுடன் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது பெயர் என்னுடையது. உன் நான்கு பக்கத்தைப் படித்தது அதற்கு அப்புறம்தான். படித்தும் என் பெயரை எடுக்கவில்லை. உன்மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது, அதையே செய்துகொண்டிருந்தேன். அந்த இடம் எனக்குத்தான் என்று உள்ளுக்குள் இன்னும் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் மேலாளரிடம் போய் மனுவிலிருந்து என் பெயரை அடிக்கச் சொன்னேன். "யோசிச்சுக்கோம்மா, உன்னைத்தான் மனசுல வெச்சிருந்தேன்" என்றார். "தெரியும் சார், எல்லாரையும் வெச்சிருக்கீங்க" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவமாகக்கூட இருந்தது.

உன் காகிதத்துக்குத் தலைமை அலுவலகம் ஒரு வரி எழுதியது: சம்பந்தப்பட்டவர் விலகிவிட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது. ஆனால் நீ எழுதியதன் நகல் இங்கே எல்லோர் கைக்கும் போய்விட்டது. இரண்டே நாளில் உப்பும் கிருமியும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெட்கத்தால் இல்லை. நாளைக்கு இதையும் யாராவது எழுதிவிடுவார்கள் என்ற பயத்தால். தலைமைப் பரிசோதகர் இடத்துக்கு வேறு கூடத்திலிருந்து யாரோ ஒருவர் வந்துவிட்டார். எங்களில் யாருக்கும் இல்லை. மேலாளருக்கு வழியனுப்பு விழாவும் நடந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

வேகம் தன் பழைய மேசைக்குத் திரும்பிவிட்டாள். அவள் அந்த அறையில் இருந்த மூன்று மாதமும் நான் தினமும் பதினொரு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போய் அவளோடு உட்கார்ந்துவிட்டு வருவேன். அதை உனக்கு எழுதாததற்குக் காரணம், நல்லவள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதுதான். நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். நானும் கையெழுத்துப் போட்டவள்தான் என்று.

"தெரியும்" என்றாள். "அந்த ரூம்ல உக்கார வெக்கறதுக்கு முன்னாடியே மனுவைக் காட்டிட்டாங்க."

"அப்புறம் ஏன் நான் கொண்டுவந்த டீயைக் குடிச்ச?"

அவள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"வேற யாரும் உள்ள வரலையே அக்கா."

அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

அம்மா உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறாள். லீவு போட்டுவிட்டு வா.

உன் தங்கை